மூச்சு விடாதே!

"பொண்ணு வீட்டுல இதைப் பத்தி மூச்சு விடாதே!"

2013-ல் நாங்கள் பெண் பார்க்கப் போன வேன் கிளம்புவதற்கு முன்னால் என் அம்மா காதோரமாகச் சொன்ன புத்திமதி இது. யாரிடம் என்று கவனியுங்கள். மூச்சு விடுவதற்கே படாதபாடு படுகிற ஒருவனிடம்!

எனக்கு எட்டு வயதிலிருந்து இழுப்பு. டாக்டர்கள் ஆஸ்துமா என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. "அவனுக்குக் கொஞ்சம் சளி உடம்பு" என்பதுதான் குடும்பத்தின் அதிகாரபூர்வ அறிக்கை. தூதுவளை ரசம், கற்பூரவள்ளிச் சாறு, ஓமத்தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. (தூதுவளை ரசத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சூடான சாதத்தில் பிசைந்து சாப்பிட நான் ரெடி.) பத்து வயதில் என்னை ஹைதராபாத்துக்கு ரயிலேற்றினார்கள். அங்கே ஜூன் மாதம் மிருகசீரிஷ கார்த்தி அன்று மஞ்சள் மருந்தை உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் அடைத்து, குஞ்சோடு சேர்த்து நம் வாயில் போடுவார்கள். காசு கிடையாது. விழுங்க வேண்டியதுதான். தொடர்ந்து மூன்று வருஷம் போக வேண்டும் என்றார்கள். போனோம். மூன்று மீன்கள் என்னை நம்பி உள்ளே போயின. இழுப்பு மட்டும் வெளியே போகவில்லை.

காலேஜில் பி.காம். படித்தபோது ஒரு டாக்டர் நீல நிற இன்ஹேலரை எழுதிக் கொடுத்தார். அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் ஏதோ கஞ்சா பொட்டலத்தோடு பிடிபட்டவன் மாதிரி! "இது பழகிடும்டா, அப்புறம் ஆயுசுக்கும் விடாது" என்றார். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அதனால் நான் மாத்திரைக்கு மாறினேன். மாத்திரையில் ஒரு சௌகரியம். பாத்ரூமுக்குள் போய் யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிட்டு வரலாம்.

கல்யாணத்தன்றும் அப்படித்தான். மண்டபம் முழுக்க ஹோமப் புகை, சாம்பிராணி, மாமன்மார் அடித்த சென்ட். முகூர்த்தத்துக்கு முன்னால் இரண்டு மாத்திரையை உள்ளே தள்ளிவிட்டு மணையில் உட்கார்ந்தேன். தாலி கட்டும்போது கை வெடவெடவென்று நடுங்குகிறது! "மாப்பிள்ளைக்கு என்னா கூச்சம் பாரு" என்று மாமியார் வீட்டுப் பக்கம் ஒரே சிரிப்பு. வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது. கூச்சமும் இல்லை, காதலும் இல்லை. சால்பூட்டமால்! அந்த மாத்திரை கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

நான் கணக்குப் படித்தவன். இந்தக் கணக்கை அப்போதே போட்டிருக்கலாம். இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோ கிராம் மருந்து. நான் விழுங்கிய மாத்திரை 4 மில்லி கிராம், அதாவது 4,000 மைக்ரோ கிராம். ஒரு மாத்திரைக்கு 40 பஃப்! பஃப் நேரே நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரையோ வயிறு, ரத்தம், இதயம், கை விரல் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மிச்சம் மீதியோடு நுரையீரலுக்கு வந்து சேர்கிறது. 'பழகிடும்' என்று பயந்து ஒன்றை விட்டுவிட்டு நாற்பதை விழுங்கியிருக்கிறேன். இந்த லட்சணத்தில் நாலு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேறு பார்க்கிறேன்.

என் ரகசியம் பதினோரு நாள்தான் தாங்கியது. கொடைக்கானல் லாட்ஜில், யார் யாரோ போர்த்திய கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். ராத்திரி இரண்டரை மணி. புது மனைவி என்னை உலுக்கினாள்.

"ஏங்க... ரூமுக்குள்ள பூனைக்குட்டி ஏதாவது இருக்கா? எங்கேயோ கத்துது..."

என்ன சொல்ல! பூனைக்குட்டி என் நெஞ்சுக்குள் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அழுவாள், அப்பாவுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜன்னலைத் திறந்து, அந்தக் கம்பளியை வெளியே எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எங்க பெரியப்பாவுக்கும் இது இருக்கு. அவர் ரெண்டு பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டார். எங்க அப்பாகிட்டே மறைச்சீங்க, சரி. எங்கிட்டே எதுக்கு மறைச்சீங்க?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதோடு நான் திருந்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை.

2015-ல் பையன் பிறந்தான். மூக்கும் முழியும் அவன் அம்மா ஜாடை. மூச்சு மட்டும் என் ஜாடை. மூன்று வயதில் அவனுக்கும் இழுப்பு ஆரம்பித்தது. ஆஸ்துமா தொற்று வியாதி இல்லை. ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். பையனுக்கு டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். பழுப்பு நிறம் தினமும் காலை, இரவு. நீலம் இழுப்பு வந்தால் மட்டும். (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) கூடவே ஸ்பேஸர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை. இன்ஹேலரை அதில் மாட்டி, மறுமுனையில் குழந்தை மூச்சு விட்டால் போதும்.

நான் என்ன செய்தேன்? என் அம்மா எனக்குச் செய்ததை அப்படியே அவனுக்குச் செய்தேன். ஸ்கூல் பாரத்தில் 'உடல்நலக் குறைவு ஏதேனும்?' என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். "ஃப்ரெண்ட்ஸ்கிட்டே சொல்லாதேடா, கிண்டல் பண்ணுவாங்க" என்றேன். 2022 நவம்பரில், 'இரண்டு மாசமா நல்லாதானே இருக்கான், எதுக்கு தினமும் ஸ்டீராய்டு' என்று பழுப்பு இன்ஹேலரை நானே நிறுத்தினேன். டாக்டரைக் கேட்கவில்லை.

வந்தது 2023 போகி. எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில், விமான நிலையத்துக்குப் பக்கம். போகிப் புகை என்றால் என்னவென்று எங்கள் ஏரியாவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை வந்த விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அவ்வளவு பெரிய விமானமே திண்டாடியது. ஏழு வயதுப் பையனின் சுவாசக் குழாய் என்ன செய்யும்?

பையனுக்கு மூன்று நாளாகச் சளி, ராத்திரி இருமல். பொங்கலுக்கு விழுப்புரத்திலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. சித்தப்பா மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். "நம்ம குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு வெளியே தெரிஞ்சா, அந்தப் பொண்ணுக்கும் சேர்த்துல்ல கேப்பாங்க" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். இன்ஹேலர் இரண்டையும், ஸ்பேஸரையும் பீரோ லாக்கருக்குள் வைத்துப் பூட்டினேன். வழக்கம் போல சாவி அம்மாவின் இடுப்பில்.

விடியற்காலை நாலரை. தெருவில் பாய், தலையணை, பழைய டயர் எல்லாம் எரிகின்றன. எழுந்து பார்த்தால் பையன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தோள் இரண்டும் காதுவரை ஏற, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறது.

"அப்பா..." ஒரு மூச்சு. "தண்ணி..." ஒரு மூச்சு.

இழுப்பில் மூச்சை உள்ளே இழுப்பதுதான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே விடுவதுதான் அதைவிடக் கஷ்டம். குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளி அடைத்து, போன காற்று திரும்ப முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மார்பு பலூன் மாதிரி உப்பியிருக்கும். அடுத்த மூச்சுக்கு உள்ளே இடமே இருக்காது. எனக்கு இது முப்பது வருஷ அனுபவம். என் பிள்ளையின் மார்பில் பார்த்தபோதுதான் அதன் கோரம் தெரிந்தது.

"சாவி எங்கேங்க?" என்றாள் மனைவி. ஓடினேன். அம்மா தெருமுனையில் நெருப்பைச் சுற்றி நின்ற பெண்களோடு இருந்தார். புகைக்குள் ஓடி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தால், எனக்கே இரைக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு விஷயம் கவனித்தேன். பையனின் நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் நின்றிருந்தது.

"அப்பாடா, அடங்கிடுச்சு" என்றேன்.

"அடங்கலைங்க... உதட்டைப் பாருங்க!" என்று அலறினாள் மனைவி. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

இதை மட்டும் தயவுசெய்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். திணறிக்கொண்டிருக்கிற ஒருவருக்குத் திணறல் குறையாமல் விசில் மட்டும் நின்றால், சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. விசில் அடிக்கிற அளவுக்குக்கூடக் காற்று போய்வரவில்லை என்று அர்த்தம். இருப்பதிலேயே ஆபத்தான கட்டம் அதுதான்.

லாக்கரைத் திறந்து கொடுத்தேன். மனைவி ஸ்பேஸரை அவன் முகத்தில் வைத்து, நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃப்பாக அழுத்தினாள். ஆட்டோவிலும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டியபோது ஆக்ஸிஜன் 86. உடனே ஆக்ஸிஜன், நெபுலைசர், ஊசி. பெரும்பொங்கலும் மாட்டுப்பொங்கலும் அந்த வார்டில்தான். ஸ்டீராய்டுக்குப் பயந்து பஃப்பை நிறுத்தியவன் நான். மைக்ரோ கிராமில் போக வேண்டியது அன்றைக்கு ஊசியாகவும் மாத்திரையாகவும் மில்லி கிராமில் போனது.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "இழுப்பு ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு முதல் பஃப் கொடுத்தீங்க?" என்றார்.

"பத்து நிமிஷம் இருக்கும் டாக்டர்."

"ஏன், இன்ஹேலர் வீட்டுல இல்லையா?"

"இருந்துச்சு... பீரோ லாக்கர்ல."

பேனாவைக் கீழே வைத்தார். "அது என்ன சார், நகையா?"

அதற்கப்புறம் அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. உலகத்தில் உள்ள ஆஸ்துமாக்காரர்களில் இந்தியர்கள் 100-க்கு ஏறக்குறைய 13 பேர்தான். ஆனால் ஆஸ்துமாவில் இறக்கிறவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இந்தியர்கள் என்று மதிப்பிட்டிருப்பதைச் சொன்னார். "இங்கே மருந்து இல்லாம இல்லை சார்" என்றார். மீதியை அவர் சொல்லவில்லை. பையனுக்குப் போட்டிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்யப் போய்விட்டார்.

மறுநாள் "உங்க இன்ஹேலரை எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார். கொடைக்கானலுக்குப் பிறகு மனைவியின் கட்டாயத்தில் நானும் இன்ஹேலருக்குத் திரும்பியிருந்தேன். ஒன்பது வருஷ சர்வீஸ் அல்லவா, கம்பீரமாக அடித்துக் காட்டினேன். "நீங்க மருந்தை நாக்குக்குக் கொடுக்கிறீங்க. நுரையீரலுக்கு ஒண்ணும் போகலை" என்றார். குலுக்கணும். உள்ளே இருக்கிற மூச்சை முழுக்க வெளியே விடணும். மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, முழுக்க இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கணும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பணும். பெரியவர்களும் ஸ்பேஸர் வைத்துக்கொண்டால் தப்பில்லை. இவ்வளவுதான். இதைக் கற்க எனக்கு முப்பத்தைந்து வயது ஆனது.

இந்த இன்ஹேலர் எப்படி வந்தது தெரியுமா? 1955-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. "சென்ட் மாதிரி இதையும் டப்பாவில் அடைச்சு பீய்ச்ச முடியாதாப்பா?" என்கிற மாதிரி அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அவர் கம்பெனி ஆட்களை உட்கார வைத்து, 1956-ல் இன்ஹேலரை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார். அவரும் ஓர் அப்பா!

கணக்குக்காரன் பாஷையில் சொல்வதானால் நீல இன்ஹேலர் கைமாற்று. அவசரத்துக்கு வாங்கலாம், அதிலேயே குடும்பம் நடத்தக் கூடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். பெரியவர்கள் நீலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019-லிருந்து உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிகளே மாற்றிச் சொல்கின்றன. எனக்கும் இரண்டு மருந்து சேர்ந்த ஒன்றை மாற்றிக் கொடுத்தார் டாக்டரம்மா. பையனுக்கு பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஊதுகிற கருவி. அவன் நன்றாக இருக்கும்போது 200 ஊதுவான். 160-க்கு மேல் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், 100-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. காலை, மாலை நோட்டில் நானே எழுதுகிறேன். நான் பார்க்கிற கணக்குகளிலேயே பொய் இல்லாத கணக்கு இதுதான். (கம்பெனிக்காரர்கள் மன்னிக்க!)

வீட்டுக்குள் நடந்த புரட்சியையும் சொல்ல வேண்டும். மெத்தை, தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குடியிருக்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. சென்னையின் ஈரக்காற்று அவற்றுக்கு ஸ்வர்க்கம். வாரம் ஒரு தடவை உறையெல்லாம் 60 டிகிரி வெந்நீரில் ஊறுகின்றன. துவைக்க முடியாத கரடி பொம்மை ஒருநாள் முழுக்க ஃப்ரீஸரில். முதல் தடவை இட்லி மாவு எடுக்கப் போன அம்மா, உள்ளே கரடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

கொசுவத்திச் சுருளுக்கு நிரந்தரத் தடை, வலைதான். ஒரு சுருள் எரிந்தால் வருகிற நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அலுவலக நண்பர் சிகரெட் பிடித்தால் பத்தடி தள்ளி நின்ற நான், ராத்திரி கதவைச் சாத்தி பிள்ளையின் தலைமாட்டில் அதைக் கொளுத்தி வைத்திருக்கிறேன்! வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு மட்டும் அம்மாவோடு ஓர் ஒப்பந்தம்: பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து. இதற்கு நேர்மாறாக, சாப்பாட்டில் தடைகள் நீங்கின. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாம் எங்கள் வீட்டில் குற்றவாளிகள். "சாப்பிட்டு அவனுக்கு எதாவது பண்ணினதை நீங்க பார்த்தீங்களா? இல்லைன்னா கொடுங்க" என்றார் டாக்டரம்மா. ஏழு வயதில் என் பிள்ளை முதல் முறையாகத் தயிர் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டான்.

நீல இன்ஹேலர் இப்போது வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஸ்கூட்டர் சாவி மாட்டுகிற ஆணியில் பையோடு தொங்குகிறது. இன்னொன்று ஸ்கூலில், டீச்சர் மேஜையில். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம்: ஸ்பேஸரில் 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, 4 நிமிஷம் காத்திருக்கவும், குறையாவிட்டால் மறுபடி 4 பஃப், அப்படியும் குறையாவிட்டால் 108, வண்டி வரும்வரை இதையே தொடரவும். பேச முடியாமல் திணறினால் காத்திருக்காமல் முதலிலேயே 108. (உங்கள் வீட்டுக்கான எண்ணிக்கையை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.) எழுதியது என் மனைவி. அதன் கீழே பென்சிலில் ஒரு வரி அம்மாவின் கோழிமுட்டை எழுத்தில்: 'சாவி கிடையாது.'

அடுத்த போகிக்குப் பழைய பாயை அம்மா எரிக்கவில்லை, குப்பை வண்டியில் போட்டார். அதோடு விடவில்லை. "எம்பேரனுக்கு ஆஸ்துமா. டயர் கியர் எரிச்சீங்க, தெரியும் சேதி!" என்று தெரு முழுக்க முன்கூட்டியே தண்டோரா. முப்பது வருஷமாக வாசல் தாண்டாத வார்த்தை, பிள்ளையார் கோயில்வரை போய்விட்டது. சித்தப்பா மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கணக்குப் பார்க்கிற ஆபீஸ் ஒன்றில் ரெக்கார்டு ரூம் உண்டு. பத்து வருஷ வவுச்சர், பத்து வருஷத் தூசி. போன மாதம் ஆடிட்டுக்காக அங்கே நாலு மணி நேரம். வெளியே வந்து, பாத்ரூமுக்குப் போகாமல், எல்லோர் எதிரிலும் இன்ஹேலரை எடுத்து அடித்தேன். மேனேஜர் பார்த்தார். ரிசப்ஷன் பெண் பார்த்தார். ஆகாயம் இடிந்து விழவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் பில்லிங் செக்‌ஷன் தம்பி ஒருவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே இங்கே பார்த்துவிட்டு பேன்ட் பாக்கெட்டிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றைப் பாதி மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார். எனக்கு ரொம்பப் பழக்கமான அட்டை.

"சார்... எனக்கும் இருக்கு சார். தை மாசம் கல்யாணம். பொண்ணுகிட்டே சொல்லணுமா சார்?"

என் கல்யாண வீடியோ மொபைலில் இருந்தது. தாலி கட்டுகிற இடத்துக்குத் தள்ளி, அவர் கையில் கொடுத்தேன்.

"கையைப் பாருங்க தம்பி."

கொஞ்ச நேரம் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு தன் போனை எடுத்து, "அவங்க நம்பர் எங்கிட்டேயே இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.